உயிரோடு இருக்கிற மாமன்

லோயர் கேம்ப்,
15.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை யுவராணி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்னமும் நம் சாமியைத்தான் கும்பிடுகிறேன். அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

கவரைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கொஞ்சம் பொறு. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய், வேறு நம்பரில் கூப்பிட்டால் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். தபாலுக்கு அந்த வசதி இல்லை. வீட்டுக்கு அனுப்பினால் அம்மா கையில் சிக்கும் என்பதால் முத்துக்கருப்பன் அண்ணன் டீக்கடை விலாசம் போட்டேன். அவர் தலையெழுத்து.

விஷயம் இதுதான். நதியாவுக்குத் தை மாதம் காது குத்துகிறோம். அவள் உன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். மாரீஸ்வரி மதினியை உனக்கு எடுத்து, என்னை மதினியின் அண்ணன் பாண்டீஸ்வரனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பெண் எடுத்துப் பெண் கொடுப்பது. உன் கல்யாணம் முடிந்தது, என் கல்யாணத்துக்கு முன்னால் நான் முத்துக்குமரனோடு வந்துவிட்டேன். அதற்காக நான் வருத்தப்படுவதாக எழுதினால் அது பொய். ஆனால் நதியா பிறந்தபோது கம்பம் ஆஸ்பத்திரிக்கு யாருக்கும் தெரியாமல் வந்து, பிள்ளையைக் கால் மணி நேரம் கையில் வைத்திருந்தாயே, அதை எவனோ பார்த்துச் சொல்லி, மதினியின் அய்யா சீனிச்சாமி மாமா மகளையும் பேரன் திலீபனையும் பழனிசெட்டிபட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாரே, அதற்கு வருந்தாத நாள் இல்லை. நீ இத்தனையும் இழந்தது ஒரு கால் மணி நேரத்துக்காக. இன்னொரு கால் மணி நேரம் கேட்க எனக்கு நாக்கு கூசத்தான் செய்கிறது. கேட்கிறேன்.

இனி ஊர்க்கதை. ஆடியிலிருந்து ஸ்டூடியோவில் ஆல்பம் வேலை குறைவு. நான் கல்யாணப் பெண்களின் முகப்பருவை அழிப்பேனே, அந்த பென் டேப்லெட் சும்மா கிடந்தது. கறுப்பாக ஸ்லேட்டு மாதிரி இருக்கும், அதன்மேல் பேனாவால் கிறுக்கினால் அதில் ஒன்றும் விழாது, கோடு கம்ப்யூட்டரில் விழும். கை ஓர் இடம், கண் ஓர் இடம். காசில்லாமல் கிடைக்கிற ஒரு சாஃப்ட்வேரை இறக்கிப் பார்த்தேன். திறந்ததும் திரையில் ஒரு களிமண் உருண்டை. பேனாவை அழுத்தினால் மேடு, ஒரு கீயைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் பள்ளம், மெல்லத் தடவினால் வழவழப்பு. முதலில் ஒரு கத்தரிக்காய் செய்தேன். உன் மாப்பிள்ளை (நீ ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும்) எட்டிப் பார்த்து, "என்னது இது, கிட்னியா?" என்றார். இப்போது நதியாவின் பாதம் ஒன்று செய்திருக்கிறேன். அது பாதம் என்று கேட்காமலே சொல்லிவிட்டார். தேறிவிட்டேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தங்கை,
யுவராணி

*

காமயகவுண்டன்பட்டி,
3.10.2024

யுவராணிக்கு,

ஈஸ்வரபாண்டி எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறது. முத்துக்கருப்பன் பத்து பேருக்கு முன்னால் கவரை நீட்டி, "லோயர் கேம்ப்ல இருந்து வந்திருக்கு" என்கிறான். இனி எழுதாதே.

கவாத்து வெட்டி முடிந்து, பன்னீர் திராட்சை தளிர் விட்டிருக்கிற நேரத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இலையெல்லாம் சாம்பல் நோய். தினம் மருந்தடிப்பு.

சீனிச்சாமி மாமாவிடம் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஒன்றுதான் கேட்கிறார்: "தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்னு மாப்பிள்ளை சொல்லட்டும், மகளை அனுப்புறேன்." இந்த நேரத்தில் நான் உன் பிள்ளையை மடியில் வைத்தால் என் பிள்ளை எனக்கு இல்லை. இதற்கு மேல் உனக்கு விளக்க முடியாது.

மாமன் இல்லாத பிள்ளைகள் ஊரில் எத்தனையோ. செத்துப்போன மாமனுக்குப் போட்டோ வைத்துக் குத்துகிறார்கள். போன மாசம் நம் ஊரிலேயே ஒரு வீட்டில் இறந்த மாமனுக்கு ஆள் உயரத்துக்குச் சிலையே செய்து, அதன் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். அசல் ஆளேதான், பார்த்தவர்களெல்லாம் அழுதார்கள். நீயும் அப்படி எதையாவது வைத்துக்கொள்.

ஈஸ்வரபாண்டி

*

லோயர் கேம்ப்,
27.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று பேருமாகப் படித்தோம். நதியா ஒரு மூலையைத் தின்றுவிட்டாள். திட்டு அந்த மூலையில் இருந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ சொன்ன யோசனையை எடுத்துக்கொண்டேன். கோபத்தில் எழுதினாய் என்று தெரியும். எழுதினது எழுதினதுதானே. உன்னைச் செய்துகொண்டிருக்கிறேன்.

நதியாவை ஜீப் ஸ்டாண்டுப் பக்கம் வேடிக்கை காட்ட இவர் தூக்கிக்கொண்டு போனதும் உட்காருவேன். உருண்டையில் தொடங்கி இப்போது மண்டை, தாடை, கழுத்து வரை வந்திருக்கிறாய். சம்மணம் போட்டு உட்காருகிறாய். மடி நன்றாக வந்துவிட்டது. மடி செய்வது சுலபம், வேட்டி மடிப்பு போட்டால் மறைந்துவிடும். கைதான் வர மாட்டேன் என்கிறது. அய்யா போன பிறகு வீட்டில் நான் அதிகம் பார்த்தது உன் கையைத்தான். திராட்சைப் பந்தல் கம்பி இழுத்து இழுத்துக் காய்ப்புக் காய்த்துக் கிடக்கும். அதை எத்தனை முறை செய்தாலும் ஆபீஸ் உத்தியோகக்காரன் கை மாதிரி வந்து நிற்கிறது. விரல்களைக் கொஞ்சம் விரித்து வைத்திருக்கிறேன், குத்தும்போது நதியா பிடித்துக்கொள்ள.

ஒரு கூத்து கேள். இந்த சாஃப்ட்வேரில் ஒரு வசதி இருக்கிறது. முகத்தில் ஒரு பக்கம் செய்தால் மறு பக்கத்தையும் அதுவே செய்துகொள்ளும். ஒரு காது செய்தால் இரண்டு காது. எனக்கு அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம், பாதி வேலை மிச்சம். அப்புறம் உன் புருவத் தழும்பைப் போட்டேன், பந்தல் கம்பி அறுந்து அடித்ததே, அது. பார்த்தால் இரண்டு புருவத்திலும் தழும்பு. இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்த உன்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். என் அண்ணன் முகம் மாதிரி இருந்தது, என் அண்ணன் இல்லை.

ஒன்றை அழிக்கலாம் என்றால் எதை அழிப்பது? என்னிடம் இருக்கிற உன் போட்டோ எல்லாம் உன் கல்யாண ஆல்பத்தில் இருந்து எடுத்தவை. அதைப் போட்டது நான். நீயும் மதினியும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிற மாதிரி இருக்கட்டும் என்று பாதிப் படங்களில் உன்னை இடம் வலமாகத் திருப்பிவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இப்போது எந்தப் படத்தில் திருப்பினேன், எதில் விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. சொந்த அண்ணனுக்குத் தழும்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்வேன்?

தழும்பு எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுது. முடிந்தால் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வை. உன் மூக்கு அய்யா மூக்கா, அம்மா மூக்கா என்பதிலும் இங்கே சண்டை.

உன் தங்கை,
யுவராணி

*

காமயகவுண்டன்பட்டி,
18.11.2024

ராணிக்கு,

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? உயிரோடு இருக்கிறவனுக்கு யாராவது உருவம் செய்து வைப்பார்களா? அம்மா காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாயா? நான் கோபத்தில் சொன்னால் நீ அதைப் பிடித்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயசில் "போய்க் கிணத்துல விழு" என்று சொன்னதற்குக் கிணற்று மேட்டில் போய்க் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தவள்தானே நீ.

தழும்பும் சொல்ல மாட்டேன், போட்டோவும் கிடையாது. அதை நிறுத்து.

நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியில் யாரிடமும் பேசிவிடாதே. பழனிசெட்டிபட்டியில் பேச்சு நல்லபடியாகப் போகிறது. தைக்குள் மாரீஸ்வரியை அனுப்பிவிடுவார்கள் போலத் தெரிகிறது. அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை ராணி, அவள் அய்யாவுக்குத்தான். அவள் வந்து நாலு நாள் ஆகட்டும், நானே பேசுகிறேன். விடியற்காலையில் பைக்கில் வந்து, மடியில் வைத்துக் குத்தி முடித்ததும் கிளம்பிவிடுகிறேன். சாப்பிடச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

மாமன் இருக்கும்போது பொம்மை எதற்கு?

நதியாவுக்கு எழுத்து தெரிந்தால் தின்ன மாட்டாள். சீக்கிரம் பள்ளிக்கூடத்தில் போடு.

அண்ணன்,
ஈஸ்வரபாண்டி

*

லோயர் கேம்ப்,
25.11.2024

என் அன்பு அண்ணனுக்கு,

நீ வருகிறாய். நீ வருகிறாய் என்று எழுதியிருக்கிறாய்! இவரிடம் காட்டினேன். மனுஷன் இரண்டு முறை படித்துவிட்டு, போய் பைக்கைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். வருகிறவன் நீ, அவர் ஏன் பைக்கைக் கழுவுகிறார் என்று கேட்காதே. சந்தோஷம் வந்தால் அவருக்குக் கழுவ வேண்டும்.

சாப்பிடச் சொல்ல மாட்டேன், சத்தியம். ஒரு டம்ளர் காபி, நின்றுகொண்டே. அதையும் வேண்டாம் என்றால் தண்ணீர்.

பொம்மை விஷயம். உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் அந்தக் கம்ப்யூட்டர் ஃபைலை மதுரையில் ஒரு கடைக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் அதைத் துண்டு துண்டாக 3டி பிரிண்ட் எடுத்து ஒட்டி, வர்ணம் அடித்துக் கொடுப்பார்கள். நிறுத்தச் சொல்லி உடனே போன் செய்தேன். "முடிஞ்சு போச்சும்மா, தத்ரூபமா வந்திருக்கு" என்கிறார் கடைக்காரர். சரி, அங்கேயே கிடக்கட்டும், நான் எடுக்கப் போவதில்லை. தழும்பை ஒரு குத்துமதிப்பாக வலப்பக்கம் விட்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆர்டர் கொடுத்த அன்றைக்குக் கடைக்காரர் தாழ்ந்த குரலில், "அண்ணன் எப்பம்மா தவறுனாக?" என்று கேட்டார். நான் "போன வருசம்" என்று சொல்லிவிட்டேன். நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. ஆனால் வேறு என்ன சொல்ல? செத்துப்போன மாமன் என்றால் பாவம் என்பார்கள். உயிரோடு இருக்கிற மாமன் வரவில்லை என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அன்றைக்கே கோயிலில் உன் பேருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டேன். சரிசமமாக உடைந்தது. உனக்கு ஆயுசு கெட்டி.

மதுரையில் யாரோ ஒரு கடைக்காரருக்குச் சொன்னது, அதோடு போகட்டும். யாருக்குத் தெரியப்போகிறது?

மதினி வந்ததும் ஒரு வரி போடு. திலீபனுக்கு ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன், அளவு தெரியாமல் பெரிதாகவே எடுத்தேன்.

உன் தங்கை,
யுவராணி

*

காமயகவுண்டன்பட்டி,
22.12.2024

ராணி,

இந்தக் கடிதத்தை முழுவதும் படி. இதற்குப் பிறகு நான் எழுத மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மதுரைக் கடைக்காரர் அந்தப் பொம்மையை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். சோகப் பாட்டு வேறு. "மறைந்த தாய்மாமனுக்குத் தங்கை செய்த உருவம்" என்று எழுத்து ஓடுகிறது, என் முகம் சுற்றிச் சுற்றி வருகிறது. மதியத்துக்குள் கம்பம் முழுக்க வாட்ஸப்பில் போய்விட்டது. "போன வருசம்" என்று நீ சொன்னது அதில் இல்லை, "மறைந்த" என்பதுதான் இருந்தது. இன்றைக்குத்தான் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன். போன் மோட்டார் ரூமில். முதுகில் டேங்க், புருவம் மறையத் தலைத்துண்டு, மூக்கிலிருந்து கழுத்து வரை துணி. மருந்து தீர்ந்ததும் வீட்டுக்கு வந்தால் தெரு முழுக்க ஆள். பந்தல்காரர் பைப் இறக்கிக்கொண்டிருக்கிறார். துணி கட்டியிருந்ததால் என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, "கொட்டுக்குச் சொல்லியாச்சாப்பா?" என்று என்னிடமே கேட்டார். யாருக்கு என்று கேட்டேன். "நம்ம ஈஸ்வரபாண்டிக்குத்தான். மதுரை ஆஸ்பத்திரில போயிட்டானாம், பாவம், நல்ல பய" என்றார். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

உள்ளே அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கிடந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. பாண்டீஸ்வரன் ஓட்டி வந்திருக்கிறான். மாரீஸ்வரி கதவைத் திறந்து, செருப்பில்லாமல், தலைவிரிகோலமாக ஓடி வருகிறாள். எல்லோரையும் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போகப் போனவள் என் பக்கத்தில் வந்ததும் நின்றாள். நான் துணியை அவிழ்க்கவில்லை ராணி. அவள் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள், அடித்தாள், அப்புறம் டேங்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மருந்து நாற்றம், தள்ளிப் போ என்றேன். போகவில்லை. பின்னால் திலீபன் வந்து நின்று, "அம்மா, இது யாரு?" என்று கேட்டான். இரண்டு வருஷம் கழித்து என் மகன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

அவள் திரும்பிப் போகவில்லை. அவள் அய்யா வந்து கூப்பிட்டார். "இவரு செத்தாருன்னு நெனச்சு வந்த வழி எனக்குப் போதும்யா. இன்னொரு தடவை வர மாட்டேன், போகவும் மாட்டேன்" என்றாள். பெரியவர்கள் இத்தனை மாசம் பேசி நடக்காதது உன் பொம்மையால் நடந்தது. எனக்கு என் பொஞ்சாதியைத் திருப்பிக் கொடுத்தது நீ. இதை நான் மறக்க மாட்டேன்.

அதனாலேயே நான் உன் வீட்டுக்கு வர முடியாமல் போய்விட்டது.

சீனிச்சாமி மாமா சொன்னார்: "மக இருக்கட்டும். ஆனா உயிரோட இருக்கவனுக்கு இழவு கூட்டுனவ உறவு இந்த வீட்டுக்கு ஆகாது. மாப்பிள்ளை சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணணும்." நான் மாட்டேன் என்றுதான் சொல்லப் போனேன். அதற்குள் அம்மா எழுந்து வந்து, "பண்ணுடா" என்றது. அம்மாதான் சொன்னது ராணி. "எம் மகனை அவ வாயால கொன்னுட்டா. அவ பிள்ளைக்கு நீ மாமன் இல்ல." அம்மாவின் கையெல்லாம் கன்றிப் போயிருந்தது, நெஞ்சில் அடித்துக்கொண்டதில். சரி என்றேன்.

மாரீஸ்வரி தனியாக வந்து, "உங்க தங்கச்சிக்கு எழுதுறதுன்னா இப்பவே எழுதிருங்க" என்றாள். நாளைக் காலையில் கோயிலில் சூடம் அணைக்கிறேன். இன்றைக்கே எழுதிவிட்டால் இது பொய்ச் சத்தியம் ஆகாது.

பொம்மையைப் போய் எடுத்துக்கொண்டு வா. அதில் தப்பு இருக்கிறது. பால்பாண்டி சலூனில் இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். தழும்பு இடப்பக்கம். இடது புருவத்தின் வால்பக்கம், கட்டை விரல் நகம் அகலம். வலப்பக்கம் ஒன்றும் கிடையாது, அழித்துவிடு. இடது காது கொஞ்சம் முன்னால் துருத்தி நிற்கும். மூக்கு அம்மா மூக்கு. கழுத்துக்குப் பின்னால் ஒரு மரு இருக்கிறதாம், எனக்கே இத்தனை நாள் தெரியாது, பால்பாண்டி சொன்னான். கையை வீடியோவில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. காய்ப்பு இல்லாவிட்டால் பரவாயில்லை.

முத்துக்கருப்பனிடம் ஒரு பை கொடுத்துவிட்டிருக்கிறேன். பொங்கலுக்கு நான் கட்டிய வேட்டி, துண்டு. புதுசு இல்லை, என் உடம்பில் கிடந்தது. அதைக் கட்டிவிடு. தோடு ஒரு ஜோடி இருக்கிறது, நதியா பிறந்த வருஷம் ஆசாரியிடம் தட்டச் சொன்னது.

இனி எழுதாதே. வந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பிள்ளையை நன்றாக வளர்.

ஈஸ்வரபாண்டி

*

லோயர் கேம்ப்,
10.2.2025

அண்ணே,

நீ வாங்க மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். முத்துக்கருப்பன் அண்ணன் இதை வைத்திருப்பாரோ, பால் அடுப்பில் போடுவாரோ, அவர் இஷ்டம். எழுதாமல் இருக்க முடியவில்லை.

மதினி வந்த சேதியை இவரிடம் படித்துக் காட்டினேன். சந்தோஷம் என்றார். பைக்கைக் கழுவவில்லை.

எத்தனை தேங்காய் உடைத்தாலும் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்ட அந்தச் சத்தத்தை உன் காதிலிருந்து எடுக்க என்னால் முடியாது. சாஃப்ட்வேரில் தப்பாகப் போனால் ஒரு பட்டனை அழுத்தி அழுத்திப் பின்னால் போகலாம், முதல் உருண்டை வரைக்கும் போகலாம். அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்வி வரைக்கும் போனால் எனக்குப் போதும்.

பொம்மையை எடுத்து வந்தோம். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார்கள், இவர் நண்பர் வேனில் வந்தது. வலப்பக்கத் தழும்பில் பட்டி வைத்துத் தேய்த்து வர்ணம் அடித்தேன். இடப்பக்கம் பிளேடால் கீறினேன். திரையில் அத்தனை நாள் கூசாமல் அழுத்தினேன், உன் முகத்தில் பிளேடை வைக்க மட்டும் கை வரவில்லை. இவர் பிடித்துக்கொள்ள, கண்ணை மூடிக்கொண்டு கீறினேன். சரியாக வந்துவிட்டது. காதையும் கொஞ்சம் முன்னால் இழுத்து ஒட்டினேன். மருவுக்கு ஒரு கடுகு வைத்தேன். உன் வேட்டியைக் கட்டினதும் வீட்டுக்குள் உன் வாடை வந்தது. அதற்கு மேல் நான் நிற்க முடியாமல் வெளியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

காதுகுத்து நடந்தது. இவர் சாமி கோயில்தான், நிறையப் பேர் இல்லை. என் மாமியார் பழக்கத்தில் பொம்மைக்கு மாலை போட்டு, முன்னால் விளக்கேற்றி வைத்துவிட்டார். நான் போய் விளக்கை அணைத்தேன், மாலையைக் கழற்றினேன். எல்லோர் முகமும் மாறிவிட்டது. மாறட்டும்.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே, "மாமன் எப்பம்மா தவறுனாரு?" என்று கேட்டார். இந்தத் தடவை சரியாகச் சொன்னேன். "தவறலை. உயிரோட இருக்காக. காமயகவுண்டன்பட்டில திராட்சைத் தோட்டம் வச்சிருக்காக. வர முடியலை" என்றேன். அவர் ஊசியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் நினைத்தது சரிதான். செத்த மாமனுக்குக் கிடைத்த மரியாதை உயிரோடு இருக்கிற மாமனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

நதியா உன் மடியில் உட்கார்ந்தாள். விரலைப் பிடித்துக்கொண்டாள். முதல் காது குத்தும்போது அவள் முறுக்கிய முறுக்கில் சுண்டு விரல் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை, கூடு. அழுகையை நிறுத்திவிட்டு, "மாமாவுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். வலிக்கும் என்றேன். இரண்டாவது காதுக்கு அவள் அழவில்லை. நீ கொடுத்த தோடு அவளுக்கு எடுப்பாக இருக்கிறது.

பொம்மையை என்ன செய்வது என்று தெரியவில்லை. எரிக்க முடியாது, புதைக்க முடியாது, ஆற்றில் விட முடியாது. உயிரோடு இருக்கிறவன். கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். அவள் தினமும் உன் மடியில் ஏறி உட்கார்ந்துதான் தோசை தின்கிறாள். உன் வேட்டியெல்லாம் சட்னி. டேப்லெட்டை நான் தொடுவதில்லை, அவள்தான் ஒடிந்த உன் சுண்டு விரலை வைத்து அதில் கிறுக்குகிறாள். ஒன்றும் வருவதில்லை.

ஒன்று மட்டும் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் உன்னை ரொம்ப அச்சாகச் செய்துவிட்டேன் அண்ணே. கம்பம் பஸ் ஸ்டாண்டிலோ சந்தையிலோ என்றைக்காவது நேருக்கு நேர் வந்துவிட்டால், திலீபன் மாதிரி, யாரு என்று இவள் கேட்க மாட்டாள். தழும்பைப் பார்த்ததும் மாமா என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். உன் பக்கத்தில் மதினி நிற்கலாம், பாண்டீஸ்வரன் நிற்கலாம். நீ பயப்பட வேண்டாம். நிற்காமல் போய்விடு. திரும்பிப் பார்க்காதே. நான் பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன்.

"அது மாமா இல்ல ஆத்தா. மாமா மாதிரி இருக்காக, வேற யாரோ" என்று சொல்லிவிடுகிறேன்.

யுவராணி